பணிவாகவும் சொல்லலாம், துணிவாகவும் சொல்லலாம்



கண்காட்சியில் பொருள் விற்க டெல்லி போய்வந்த நம் குழு உறுப்பினர்களிடம் பயணம் எப்படி என்று விசாரித்தோம். "விற்பனை நல்லா இருந்துச்சு மேடம். ரயில்லதான் கஷ்டம். எங்க பெர்த்துல யாரோ உட்கார்ந்துட்டாங்க. எழுந்திருங்கன்னு சொல்ல பாஷை தெரியல. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தோம்" என்றார்கள்.

காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் வாய் திறக்க முடியவில்லை. இந்த நிலை இனி வேண்டாம். தமிழ் தெரியாத ஊரில் நாலு ஆங்கில வார்த்தை கைகொடுக்கும். வாங்க, கற்றுக்கொள்வோம்.

முதலில் ஒரு விஷயம். தமிழில் 'தள்ளு' என்பதோடு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த 'ங்க' கிடையாது. 'மூவ்' என்றால் தள்ளு, தள்ளுங்க இரண்டும்தான். 'ப்ளீஸ்' சேர்த்தால்தான் மரியாதை. அதை விட்டால் அதட்டுவது போல இருக்கும். நாம் 'ஏங்க' என்று கூப்பிடுவதற்கு அங்கே 'எக்ஸ்கியூஸ் மீ'.

1. நம் இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், டிக்கெட்டைக் காட்டி: "எக்ஸ்கியூஸ் மீ, திஸ் இஸ் மை சீட்."

2. படுக்க விடாமல் உட்கார்ந்திருந்தால்: "வீ வான்ட் டு ஸ்லீப், ப்ளீஸ்." இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தூங்கும் நேரம் என்பது ரயில்வே விதி.

3. வரிசையில் இடையில் நுழைந்தால்: "ப்ளீஸ் ஸ்டாண்ட் இன் தி க்யூ."

4. செல்போனில் சத்தமாகப் பாட்டு வைத்தால்: "ப்ளீஸ் ரெட்யூஸ் தி வால்யூம்."

5. பக்கத்தில் சிகரெட் பிடித்தால்: "ப்ளீஸ் டோன்ட் ஸ்மோக் ஹியர்." பொது இடத்தில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

சொன்னதைக் கேட்டுக்கொண்டால் "தேங்க் யூ" சொல்ல மறக்காதீர்கள்.

கவனிக்க: இதெல்லாம் சின்னத் தொந்தரவுக்கு மட்டும்தான். வேண்டுமென்றே உரசுவது, தொடுவது தொந்தரவு இல்லை, குற்றம். அதற்கு 'ப்ளீஸ்' கிடையாது. "டோன்ட் டச் மீ!" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள். அந்த நேரம் ஆங்கிலம் வரவில்லையா? தமிழிலேயே கத்துங்கள், போதும். ரயிலில் 139, மற்ற இடங்களில் பெண்கள் உதவி எண் 181 அல்லது அவசர எண் 112-ஐ அழையுங்கள்.

தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற வெட்கம் வேண்டாம். முதல்முறை வங்கி மேனேஜர் முன்னால் நின்றபோதும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்று வட்டிக் கணக்கை நாமே கேட்டு வாங்குகிறோம் இல்லையா?

பயிற்சி: அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் இடம் பிடித்தவராக நடிக்கட்டும், இன்னொருவர் கேட்கட்டும். சிரிப்பு வரும், வரட்டும். கூட்டத்தில் நாலு முறை சொன்ன வார்த்தை, ரயிலில் தானாக வாயில் வரும்.