சீட்டு: கூட்டுச் சேமிப்பைக் குறிக்கும் சொல்லின் பொருளும் பிறப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பலர் மாதந்தோறும் பணம் சேர்த்து, சேர்ந்த தொகையை முறை வைத்து ஒவ்வொருவராகப் பெறும் வழக்கத்தைத் தமிழ் மக்கள் ‘சீட்டு’ என்னும் ஒற்றைச் சொல்லால் வழங்குகின்றனர். எழுதிய துண்டு என்னும் பொருளுடைய இச்சொல் பணத்தையும் குழுவையும் குறிக்கும் சொல்லாக வளர்ந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. அண்டை மொழிச் சொற்களோடு ஒப்பிட்டுச் சொல்லின் பிறப்பையும், சட்ட வழக்கோடு ஒப்பிட்டு அதன் இன்றைய பொருள் மயக்கத்தையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சீட்டு, சிட்டி, குறி, ஓலை, ஆகுபெயர், பொருள் விரிவு.

முன்னுரை

வங்கியின் வாயிலை மிதியாத குடும்பங்களிலும் சீட்டு உண்டு. மகளின் திருமணம், மகனின் படிப்பு, கூரை மாற்றுதல், கடைக்கு முதல் சேர்த்தல் ஆகிய தேவைகளுக்குச் சீட்டுப் பணமே பல இல்லங்களில் துணைநிற்கிறது. மானிடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1962-லும் சர்லி ஆர்டனர் 1964-லும் எழுதிய கட்டுரைகள், இத்தகைய சுழற்சிக் கடன் குழுக்கள் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இருப்பதை எடுத்துக்காட்டின. வழக்கம் பொதுவானதாயினும் அதற்கு ஒவ்வொரு மொழியும் இட்ட பெயர் வேறு. தமிழ் இட்ட பெயர் பணத்தையோ சேர்த்தலையோ சுட்டாமல் ஒரு சிறு துண்டைச் சுட்டியது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

பொருட்பரப்பு

இன்றைய தமிழில் ‘சீட்டு’ என்னும் சொல் மூன்று தொகுதிகளாக வழங்குகிறது. முதலாவது, எழுத்தோ குறியோ உடைய துண்டு: பயணச்சீட்டு, வாக்குச்சீட்டு, மருந்துச்சீட்டு, நுழைவுச்சீட்டு. இரண்டாவது, ஊழைத் துணைக்கொண்டு தேர்ந்தெடுக்கும் கருவி: திருவுளச்சீட்டு, குலுக்குச்சீட்டு, பரிசுச்சீட்டு, ஆட்டத்திற்குரிய சீட்டும் இவ்வகையை ஒட்டியது. மூன்றாவது, கூட்டாகச் சேர்க்கும் பணம்: ஏலச்சீட்டு, மாதச்சீட்டு.

மூன்றாம் தொகுதியில் இச்சொல் மேலும் விரிகிறது. “எனக்கு இரண்டு சீட்டு இருக்கிறது” என்னும்போது அது பங்கினைக் குறிக்கிறது. “அடுத்த மாதம் என் சீட்டு” என்னும்போது முறையைக் குறிக்கிறது. “சீட்டுப் பணம் வந்தது” என்னும் தொடரில் தொகையோடு இயைந்து நிற்கிறது. “அந்தச் சீட்டு முடிந்துவிட்டது” என்னும்போது முழு ஏற்பாட்டையும் குறிக்கிறது. பங்கு, முறை, தொகை, ஏற்பாடு ஆகிய நான்கும் ஒரே பெயரில் அடங்குவது கருதத்தக்கது.

பிறப்பு

யூல், பர்னல் ஆகியோர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஆங்கிலத்தில் வழங்கும் ‘சிட்’, ‘சிட்டி’ ஆகியவற்றை இந்துஸ்தானியின் ‘சிட்டீ’ என்னும் சொல்லோடு இணைக்கிறது. கடிதம், குறிப்பு, சான்று என்பன அச்சொல்லின் பொருள்கள். தமிழர் பயணச்சீட்டையும் ஆட்டச்சீட்டையும் குறிக்க இதனை ஒத்த சொல்லை வழங்குவதையும் அவ்வகராதி சுட்டுகிறது. மராத்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் இச்சொல்லின் இன வடிவங்கள் உள்ளன.

நில ஆவணங்களில் வழங்கும் ‘சிட்டா’, கணக்கேட்டைக் குறிக்கும் ‘சிட்டை’ ஆகியனவும் எழுத்தோடும் பதிவோடும் தொடர்புடையவை. வருவாய்த்துறையில் வழங்கும் பிறமொழிச் சொற்களோடு இவற்றை வைத்து நோக்கினால், ஆட்சியும் வணிகமும் வழியாக இச்சொற்குடும்பம் தமிழில் பரவியது எனக் கொள்வது பொருந்தும். ‘சீட்டு’ என்பதில் முதலுயிர் நீண்டும் ஈறு குற்றியலுகரமாகியும் இருப்பது, பாட்டு, வீட்டு, நீட்டு என்பன போன்ற தமிழ்ச் சொல்லமைப்போடு அது முழுமையாக இயைந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஓலையின் இடத்தில் சீட்டு

சொல் வெளியிலிருந்து வந்தது எனக் கொண்டாலும் பொருளுக்குரிய இடம் தமிழில் முன்னரே இருந்தது. ஓலை, முறி, நறுக்கு ஆகிய சொற்கள் எழுதிய துண்டையும் ஆவணத்தையும் குறித்தன. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்குரிய உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தகுதியுடையோர் பெயரை எழுதிய ஓலைகள் குடத்திலிடப்பட்டு, சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன. பெயர் எழுதிய துண்டினைக் கலந்து ஒன்றை எடுத்துப் பொதுவில் முடிவு காணும் வழக்கம் பத்தாம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றிருந்தமை இதனால் தெளிவாகும். குலுக்குச்சீட்டு இவ்வழக்கின் நேர் வழிவந்தது என்று கூறச் சான்று வேண்டும். ஆனால் இரண்டிலும் செயல் ஒன்றே, துண்டின் பெயர் மட்டுமே வேறு.

இலக்கிய வகைப் பெயரிலும் இம்மாற்றத்தைக் காணலாம். புலவர் வள்ளலுக்குப் பாட்டாக விடுக்கும் மடல் ‘ஓலைத்தூக்கு’ என்றும் ‘சீட்டுக்கவி’ என்றும் பெயர் பெறுகிறது. பதினேழாம் நூற்றாண்டினராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் சீட்டுக்கவிகள் புகழ்பெற்றவை. ஒரே வகைக்கு வழங்கும் இவ்விரு பெயர்களும் ஓலை நின்ற இடத்தில் சீட்டு வந்து அமர்ந்ததைக் காட்டுகின்றன.

அண்டை வழக்குகள்

கேரளத்தில் இவ்வழக்கத்திற்கு ‘சிட்டி’, ‘குறி’ என இரு பெயர்கள் உள்ளன. திருவிதாங்கூர்ப் பகுதியில் முன்னதும் கொச்சி, மலபார்ப் பகுதிகளில் பின்னதும் பெருவழக்கு. 1969-இல் தொடங்கப்பட்ட கேரள மாநில நிதி நிறுவனம் அரசின் பொறுப்பிலேயே சிட்டிகளை நடத்தி வருகிறது. ‘குறி’ தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான திராவிடச் சொல். அடையாளம் என்பது அதன் அடிப்படைப் பொருள். வெவ்வேறு மூலமுடைய சிட்டி, குறி ஆகிய இரண்டும் குறியிட்ட துண்டிலிருந்தே பணக்கூட்டுக்குப் பெயராயின. ஆகவே ‘சீட்டு’ பெற்ற பொருள் விரிவு தற்செயலானதன்று என்பது உறுதியாகிறது.

இலங்கையில் சிங்களரும் இவ்வழக்கத்தைச் ‘சீட்டு’ என்றே அழைக்கின்றனர். மலேசியாவில் வழங்கும் பெயர் ‘கூட்டு’. அந்நாட்டில் 1971-இல் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தின் தலைப்பிலேயே இப்பெயர் இடம்பெற்றுள்ளது. தாயகத் தமிழர் துண்டினைப் பெயராக்க, கடல் கடந்த வழக்கு சேர்த்தலைப் பெயராக்கியுள்ளது.

வினைச்சொற்கள் தரும் சான்று

பெயரின் பழைய பொருளை அதனோடு இயையும் வினைகள் காத்து வைத்திருக்கின்றன. இன்று பெருவழக்காக உள்ளது ஏலச்சீட்டு. இருபது பேர் மாதம் ரூ.5,000 வீதம் இருபது மாதம் கட்டும் சீட்டில் சீட்டுத்தொகை ரூ.1,00,000. ஒரு மாத ஏலத்தில் ஒருவர் ரூ.20,000 தள்ளி எடுத்தால் அவர் பெறுவது ரூ.80,000. தள்ளிய தொகையில் நடத்துநரின் கழிவு நூற்றுக்கு ஐந்து எனின் ரூ.5,000 போக, எஞ்சிய ரூ.15,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ரூ.750 ஆகப் பிரியும். அம்மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது ரூ.4,250 மட்டுமே. முன்னர் எடுப்பவர்க்கு இது கடன். பின்னர் எடுப்பவர்க்குச் சேமிப்பு.

இம்முறையில் குடமும் இல்லை, குலுக்கலும் இல்லை. எனினும் மக்கள் “சீட்டு எடுத்தேன்” என்றும் “சீட்டு விழுந்தது” என்றும் கூறுகின்றனர். எடுத்தலும் விழுதலும் குலுக்கிய துண்டுக்குரிய வினைகள். ஏலம் வந்த பின்னும் இவை மாறாமையால், குலுக்கல் முறையிலேயே இப்பெயர் நிலைபெற்றது எனக் கருத இடமுண்டு. துண்டு, துண்டால் கிட்டும் முறை, முறையால் கிட்டும் தொகை, தொகையைச் சேர்க்கும் ஏற்பாடு எனப் பொருள் படிப்படியாக விரிந்தது. இது கருவியின் பெயர் காரியத்திற்கு ஆகிவரும் கருவியாகுபெயரின் தொடர் வளர்ச்சி எனலாம்.

சட்டமும் பொருள் மயக்கமும்

தமிழ்நாட்டில் 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் நாடு முழுமைக்குமான 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டமும் இவ்வழக்கத்தை நெறிப்படுத்தின. பின்னது சிட், சிட்டி, குறி ஆகிய பெயர்களையும், வேறு எப்பெயரால் வழங்கினும் அதனையும் ஒரே வரையறைக்குள் கொணர்கிறது. முன் அனுமதியையும் பதிவையும் கட்டாயமாக்குகிறது. இதற்கு நான்காண்டு முன்னரே, 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பரிசுச் சீட்டுகளையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடை செய்தது. ஆக, சட்டம் ஏற்பதும் சட்டம் விலக்குவதும் மக்கள் வழக்கில் ‘சீட்டு’ என்னும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன. முறை வைத்துப் பணம் பெறாத தீபாவளிச் சீட்டும் நகைச்சீட்டும்கூட இப்பெயரையே பெறுகின்றன. பெயரின் மேல் வைத்த நம்பிக்கையை ஏமாற்றுவோர் பயன்படுத்திக்கொள்ள இம்மயக்கம் வாய்ப்பளிக்கிறது.

சொல்லால் விளையும் இடரைச் சட்டமியற்றுவோரும் உணர்ந்துள்ளனர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், எடுப்பவர் பெறும் தொகைக்கு வழங்கிய ‘பரிசுத் தொகை’ என்னும் சொல்லை நீக்கி ‘நிகரச் சீட்டுத்தொகை’ எனும் பொருள்படும் சொல்லை அமைத்தது. ‘ஈவுத்தொகை’ என்பதற்கு ஈடாகத் ‘தள்ளுபடிப் பங்கு’ எனும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. எடுப்பவர் பெறுவது அவரும் பிறரும் கட்டிய பணமேயன்றிப் பரிசன்று. பிரிந்து வருவது ஒருவர் விட்டுக்கொடுத்ததன் பங்கேயன்றி இலாபமன்று. இவ்வுண்மையைப் புதிய சொற்கள் வெளிப்படுத்துகின்றன. மக்கள் வழக்கிலுள்ள ‘தள்ளு’ என்னும் சொல் இதனை முன்னரே செவ்வையாக உணர்த்தி வந்தது.

முடிவுரை

‘சீட்டு’ என்னும் சொல் எழுதிய துண்டில் தொடங்கி, முறை, தொகை, பங்கு, ஏற்பாடு எனப் படிப்படியாக விரிந்துள்ளது. ஓலை விட்ட இடத்தை அது நிரப்பியது. வேறு மூலமுடைய ‘குறி’ அதே வழியில் விரிந்தமை இம்முடிவிற்கு வலுச்சேர்க்கிறது. எடுத்தல், விழுதல் ஆகிய வினைகள் அதன் பழைய பொருளை இன்றும் ஏந்தி நிற்கின்றன. ஒரு பெயருக்குள் வெவ்வேறு ஏற்பாடுகள் மறைந்திருத்தலால், அகராதிகளும் அரசு அறிவிப்புகளும் ‘சுழற்சிச் சீட்டு’, ‘முன்சேமிப்புச் சீட்டு’, ‘பரிசுச் சீட்டு’ என அடைகொடுத்துப் பிரித்து வழங்குதல் நலம். பணம் கட்டுவோர் எந்தச் சீட்டில் சேர்கிறோம் எனக் கேட்டறிய அத்தகைய அடைமொழி முதற்படியாக உதவும்.