வெள்ளைக்காரர் வியாதியா?

"டாக்டர், இது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதியாமே, நம்ம ஆளுங்களுக்கு வராதாமே?" பிரிக்பீல்ட்ஸிலும் இதே கேள்வி, கிள்ளானிலும் இதே கேள்வி. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ் பற்றித்தான் பேச்சு. கேட்பவர் பெரும்பாலும் படித்தவர் என்பதுதான் எரிச்சல்.

சரி, கணக்குப் பார்ப்போம். நார்வேயின் ஒஸ்லோவில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 17 நோயாளிகள். அலாஸ்காவின் பூர்வகுடிகளிடம் 2002இல் வெளிவந்த கணக்கு 43. அவர்கள் வெள்ளைக்காரர்களா? அங்கே ஹெப்படைட்டிஸ் பி பரவலாக இருந்ததால் அவர்களின் கல்லீரலை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தார்கள். தேடினார்கள், கிடைத்தது.

பக்கத்துச் சிங்கப்பூரில் 2001இல் சொன்ன கணக்கு வெறும் 4. "பார்த்தீங்களா, ஆசியர்களுக்குக் குறைவு!" என்று துள்ள வேண்டாம். மருத்துவமனைவரை வந்து கண்டுபிடிக்கப்பட்டவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. மரபணு வேறுபாடே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பியரிடம் டிஆர்3, ஜப்பானியரிடம் டிஆர்4 என்று நோய்க்குத் துணைபோகும் மரபணு வகைகள் மாறத்தான் செய்கின்றன. ஆனால் அந்த 4ஐயே எடுத்துக்கொண்டாலும், 80 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் 300 நோயாளிகளுக்கு மேல் இருக்க வேண்டும். அவர்கள் எங்கே? ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி கூடியிருந்தால் "கொழுப்புக் கல்லீரல், எடையைக் குறைங்க" என்று அனுப்பிவிடும் பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஏஎன்ஏ, ஐஜிஜி ரத்தச் சோதனைகள் இரண்டையும் பார்க்கச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மற்றவை சில்லறை நம்பிக்கைகள். குடிக்காதவருக்குக் கல்லீரல் கெடாதா? இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். சொட்டு மது தொடாத அம்மாவைச் சொந்தக்காரர்களே சந்தேகமாகப் பார்ப்பது அநியாயம். தொற்றுமா? தொற்றாது. ஏஎல்டி இறங்கியதும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரட்னிசலோன் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தலாமா? கூடவே கூடாது, மருந்தை விட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது.

கடைசியாக, என்னைக் கோபப்படுத்தும் கசாயம். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கசாயம் குடித்தவர்களுக்கு இதே நோயின் சாயலில் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். தன் எதிர்ப்புச் சக்தியே எதிரியாகிவிட்டவருக்கு அதை மேலும் தூண்டிவிடும் மருந்து எதற்கு? "இயற்கைதானே டாக்டர்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது மாத்திரை அட்டையோடு அந்தக் கசாயப் போத்தலையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். லேபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.