ஜமுக்காளத்தை விரித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்

நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடத்தப் போகிறீர்களா? முதலில் நாற்காலிகளை ஓரங்கட்டுங்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிளை நூலகத்தில் கோடை விடுமுறைகளில் கூடமாட ஒத்தாசை செய்து வருகிறேன். நாற்காலியில் உட்காரும் பிள்ளை, கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி காலை ஆட்டிக்கொண்டு வாசலையே பார்க்கும். ஜமுக்காளம் விரித்தால் அதே பிள்ளை முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வந்து புத்தகத்தில் கை வைத்துவிடும். மைக்கும் வேண்டாம். மைக்கைப் பார்த்ததுமே பெரியவர்களில் யாருக்காவது வாழ்த்துரை வழங்கும் ஆசை வந்துவிடுகிறது.

புத்தகம் ஒல்லியாக இருக்கட்டும், படம் பெரிதாக இருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும். வயதைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்பைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வசதி. எங்கள் பக்கம் ரயில்வே, விமானப்படைக் குடும்பங்கள் உண்டு. கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்களும் உண்டு. தமிழ் தெரியாத பிள்ளை ஒன்றிரண்டாவது வந்துவிடும். அவர்களுக்குச் சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள் கைகொடுக்கும். இந்தி மட்டுமே தெரிந்த ஒரு சிறுமி, படத்தில் இருந்த ஆட்டைக் காட்டி "பக்ரி" என்றாள். மற்ற பிள்ளைகள் அன்று முழுக்க ஆட்டை அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள். எங்களோடு வந்த ஓர் அன்பர் ஆசை ஆசையாக, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்றார். முன்வரிசைப் பையன் யோசிக்கவே இல்லை. "பொய் சொல்லக் கூடாது சார்!" என்றான். கதை யானை குளித்ததைப் பற்றியது. அதில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

வாசித்து முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் அலமாரிகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நிகழ்ச்சியே அதுதான் என்பேன். புத்தகங்கள் தலைகீழாகும், இடம் மாறும், பிறகு அடுக்கிக்கொள்ளலாம். எங்கள் நூலகர் இன்னொன்றும் செய்வார். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் தேதி முத்திரை குத்தும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவார். மைப்பெட்டியில் ஒரு அழுத்து, தாளில் ஒரு குத்து. எந்தப் பரிசுப் போட்டிக்கும் இவ்வளவு நீளமான வரிசை நின்று நான் பார்த்ததில்லை. அப்படி நின்ற ஒரு குட்டிப் பெண் பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தாள். தாளில் ஒரே ஒரு முத்திரை, அதுவும் மங்கிப்போயிருந்தது. "அக்கா, இதை யாருமே எடுக்கலையா? பாவம், நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அந்தக் குட்டிக்கு ரங்கநாதனைத் தெரியாது; விதி மட்டும் தெரிந்திருக்கிறது.

இந்த வேலையில் சம்பளம் கிடையாது, சில்லறைச் சந்தோஷங்கள் உண்டு. ஜமுக்காளத்தை உதறினால் பறக்கும் பிஸ்கட் தூள். நூலகர் ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றித் தரும் டீ. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டி என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைத்துவிடும் ஜன்னல் சீட்டு. குரோம்பேட்டை வருவதற்குள் இறங்க வேண்டுமே என்று இருக்கும்.

பிரமாதமாகக் கதை சொல்லத் தெரிந்தால்தான் போகலாம் என்று நினைத்துத் தயங்குகிறவர்கள் நிறைய பேர். கிழிந்த அட்டைக்குப் பசை தடவவும், செருப்புகளை வரிசையாக வைக்கவும், சின்னதுகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போகவும்தான் அங்கே ஆள் பஞ்சம். நூலகத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு: தமிழ்நாட்டில் சொத்து வரியோடு அதில் 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. வழி செய்தது 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம். உங்கள் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள். பணம் கட்டியாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உங்கள் பேட்டை நூலகத்துக்குப் போய், "ஏதாவது ஒத்தாசை வேணுமா சார்?" என்று கேளுங்கள்.