சர்க்கரை இருந்தால் கண்புரை ஆபரேஷன் கூடாதா?

அம்மாவுக்கு 52 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. இப்போது கண்புரை என்கிறார்கள். இந்த வயதிலேயா? சர்க்கரை இருப்பதால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி.
– வாசகி, பழையசீவரம்

பாட்டி அந்தக் காலத்து ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறார். இன்று சில மில்லிமீட்டர் கீறல்தான். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை கண் லென்ஸுக்குள் புகுந்து சார்பிட்டாலாக மாறுகிறது. அது வெளியேறாமல் தங்கி நீரை இழுக்க, லென்ஸ் உப்பி, மெல்ல மங்குகிறது. அதனால்தான் சர்க்கரைக்காரர்களுக்குப் புரை முந்திக்கொள்கிறது. சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணாடி பவரும் மாறும். கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டாதீர்கள்!

ஆபரேஷனுக்கு முன் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். அங்கே ரத்தக்கசிவோ வீக்கமோ இருந்தால், புரையை எடுத்த பிறகும் பஸ் போர்டு சரியாகத் தெரியாது. 'நன்றாக முற்றட்டும்' என்று காத்திருந்தாலோ, விழித்திரையை டாக்டரால் பார்க்கவே முடியாது.

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷனும் லென்ஸும் இலவசம். மருந்துச் சீட்டையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் மறக்காமல் கொண்டு போங்கள். டாக்டர் சொல்லாமல் அம்மா மாத்திரையை நிறுத்த வேண்டாம்.