உறுதி இல்லாத மண்ணில் வீடும் கரட்டும்

நுவரெலியா மாவட்ட உறுப்பினர் எவராவது பாராளுமன்றத்தில் எழுந்து, மலையகத்தின் வீட்டுப் பற்றாக்குறைக்கும் மரக்கறிச் செய்கையாளரின் நட்டத்துக்கும் சேர்த்து ஒத்திவைப்பு வேளை விவாதம் கேட்டால், "இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. வீடு தோட்டத் தொழிலாளியின் பாடு, கரட் விவசாயியின் பாடு என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். திருத்த வேண்டிய முதல் நம்பிக்கை இதுதான். காலையில் கொழுந்தெடுத்தவர்தான் மாலையில் லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டில் லீக்ஸ் நடுகிறார். தோட்டத்தில் வேலைநாள் குறைந்தால் அடுத்தவர் மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். எங்கே நின்றாலும் காலடி மண் அவருடையதல்ல.

"இந்தியா வீடு கட்டித் தருகிறதே, இன்னும் என்ன பற்றாக்குறை?" என்பது அடுத்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதற்கட்ட 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்ட 2024 பெப்ரவரி ஆயிற்று. காசு அறிவித்த பிறகும் ஏன் ஏழு ஆண்டு? தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. மண் அரசிடமே இருந்தது. அதனால் 7 பேர்ச் துண்டு என்றாலும் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தச் சரிவு மண்சரிவுக்குத் தப்புமா என்றும் பார்க்க வேண்டும். அதுவரை குடும்பம் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில்தான். மகன் கல்யாணம் கட்டினால் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து அங்கே இன்னொரு அடுப்பு மூட்டுகிறார்கள்.

"போகச் சொன்னாலும் இந்த மக்கள் லயத்தை விட்டுப் போகமாட்டார்கள்" என்ற பேச்சு எனக்குக் கோபமூட்டுவது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. எழும்பிப் போ என்று சொல்ல ஆள் இருந்தது, போய்க் குடியேற மாற்றுக் காணி இருக்கவில்லை. பிள்ளைகுட்டியோடு எங்கே போவது?

வீடு கிடைக்காவிட்டாலும் பிரதேச சபை தோட்டத்து ரோட்டையாவது போட்டிருக்கலாமே என்பார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

இனி மரக்கறி. 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டபோது, விவசாயி பணக்காரனாகிவிட்டான் என்று நகரத்தில் பேச்சு. மழை வயலை அழித்ததால் ஏறிய விலை அது. விலை இருந்த அன்று பெரும்பாலானவர் கையில் கரட் இருக்கவில்லை. கரட் விளைய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். விலையைப் பார்த்து எல்லோரும் ஒன்றாக விதை போட்டால் எல்லோருடைய கரட்டும் ஒன்றாகவே சந்தைக்கு வரும். அப்போது பிடுங்குகிற கூலி, கழுவுகிற கூலி, சாக்கு, பேலியகொடைக்கோ தம்புள்ளைக்கோ லொறி வாடகை எல்லாம் போக மிஞ்சுவதில்லை என்று வயலிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சாக்கில் திணித்து ஏற்றுவதில் நசுங்கி அழுகுவது தனிக் கணக்கு. 2021 ஏப்ரலில் இரசாயன உரத் தடையை அறிவித்து நவம்பரில் கைவிட்டார்களே, அந்தப் போகத்து நட்டத்தைக் கடன்பட்டுச் சமாளித்தவர்கள் பலர்.

"கடனுக்குத்தான் வங்கி இருக்கிறதே" என்று சொல்கிறவர்கள் வங்கி மேசைக்கு முன்னால் ஒரு தடவை இருந்து பார்க்க வேண்டும். அங்கே கேட்பது காணி உறுதி. தோட்டத்துக் காணியில் கோவா நடுபவரிடம் அது இல்லை. ஆகவே அவர் உரக் கடைக்காரரிடமோ லொறிக்காரரிடமோ முற்பணம் வாங்குகிறார். வாங்கியவரிடமே விளைச்சலையும் கொடுக்க வேண்டியிருப்பதால் விலை பேச வாயில்லை. இதே உறுதி இல்லாததால்தான் பக்கத்து லயத்துக்காரர் வீட்டுக் கடனும் எடுக்க முடியாமல் நிற்கிறார்.

எனவே விவாதம் கேட்பவர் கேட்டது சரி. ஆனால் ஒத்திவைப்பு வேளை விவாதம் முடிந்தவுடன் சட்டமோ நிதியோ வந்துவிடும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது. அது அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கும் வழி. அந்தப் பதிலில் மலையகம் கேட்க வேண்டியவை இவை: எந்தக் கம்பனி எத்தனை ஏக்கரை விடுவிக்கிறது, எந்தத் திகதிக்கு, வீட்டுக்கும் பயிருக்கும் சேர்த்து யாருடைய பெயரில் உறுதி.