பழைய எஸ்எஸ்டிக்கு எந்தக் கேஸ்?

"லேப்டாப் போயிடுச்சுண்ணா. உள்ளே இருந்த எஸ்எஸ்டி மட்டும் நல்லா இருக்கு. அதைப் பென்டிரைவ் மாதிரி ஆக்க முடியுமா?" குருபரப்பள்ளி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வரும் தம்பிகள் என்னிடம் கேட்பது இது. முடியும். ஒரு கேஸ் வாங்கி மாட்டினால் போதும். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் காசு வீணாகிறது.

கடைக்குப் போகும் முன் எஸ்எஸ்டியைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டைப் பெட்டி என்றால் 2.5 அங்குல சாட்டா. அதில் குழப்பமே இல்லை. சில நூறு ரூபாயில் கேஸ் கிடைக்கும். 22 மி.மீ. அகலத்தில், சிப்புகள் வெளியே தெரியும் பட்டை என்றால் எம்.2. வம்பு அங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அந்த வடிவத்தில் கம்ப்யூட்டரோடு சாட்டா முறையில் பேசுவதும் உண்டு, என்விஎம்இ முறையில் பேசுவதும் உண்டு. தங்க நிற முனையில் ஒரே வெட்டு இருந்தால் அநேகமாக என்விஎம்இ, இரண்டு இருந்தால் அநேகமாக சாட்டா. இரண்டு வெட்டுள்ள என்விஎம்இயும் சில வந்திருப்பதால் லேபிளைப் படித்துவிடுவதே பத்திரம்.

என்விஎம்இ கேஸில் எம்.2 சாட்டாவைச் சொருகினால் கச்சிதமாக உட்காரும். கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் தெரியாது. டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்து, நல்ல எஸ்எஸ்டியைக் குப்பையில் போட்டவரை எனக்குத் தெரியும். எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லையா, இரண்டையும் ஏற்கும் கேஸாக வாங்குங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்9210பி சிப் உள்ளவை அப்படிப்பட்டவை. விலை கொஞ்சம் கூடுதல்தான்.

அடுத்தது வேகம். அட்டைப்பெட்டியில் 10 ஜிபிபிஎஸ், 20 ஜிபிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சாட்டா எஸ்எஸ்டி எவ்வளவு முக்கினாலும் நொடிக்குச் சுமார் 550 எம்பிதான். 5 ஜிபிபிஎஸ் கேஸே நானூறுக்கு மேல் தந்துவிடும். மிச்ச வித்தியாசத்துக்காகப் பணம் கொடுப்பவர் கொடுக்கட்டும், நான் கொடுக்க மாட்டேன். யுஎஸ்பி வழியே தகவலை வேகமாக நகர்த்தும் முறையான 'யுஏஎஸ்பி' என்ற எழுத்து பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். சின்னச் சின்ன ஃபைல்களை நகர்த்தும்போது அதன் அருமை தெரியும். என்விஎம்இக்கு 10 ஜிபிபிஎஸ் நியாயம். 20 வேண்டாம், அந்த வேகத்தில் பேசும் போர்ட் பெரும்பாலான லேப்டாப்பில் கிடையாது. வீட்டில் இருப்பது யுஎஸ்பி 2.0 போர்ட் மட்டும்தான் என்றால் எந்தக் கேஸ் வாங்கினாலும் நாற்பது எம்பிதான்.

சாட்டாவுக்குப் பிளாஸ்டிக் கேஸ் போதும். என்விஎம்இ சூடாகும், அதற்கு அலுமினியக் கேஸும், சிப்பின் மேல் ஒட்டும் தெர்மல் பேடும் வேண்டும். கேபிள் குட்டையாக இருக்கட்டும். பாதியில் டிரைவ் காணாமல் போகிறது என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் மாற்றிக் கொடுப்பது கேபிளைத்தான்.

ஓசூரில் கிடைப்பதை வாங்கலாம். பெங்களூருக்குப் போகிற வேலை இருந்தால் எஸ்.பி. ரோட்டில் எஸ்எஸ்டியைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பையில் வைத்துக்கொண்டு மட்டும் கம்பெனி கேட்டுக்குள் போய்விடாதீர்கள். செக்யூரிட்டியிடம் பதில் சொல்லி மாளாது.

இன்னொன்று. கல்யாண போட்டோவை எல்லாம் இதில் ஏற்றிப் பீரோவில் பூட்டி வைக்கலாமா என்று கேட்கிறார்கள். எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. கரண்ட்டே காட்டாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதி எழுதித் தன் ஆயுளை முடித்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் 30 டிகிரியோடு நிற்காது. சினிமாவும் பாட்டும் இதில் இருக்கட்டும். கல்யாண போட்டோவுக்கு ஒரு சாதா ஹார்ட் டிஸ்க்கிலும் இன்னொரு காப்பி போட்டு வையுங்கள்.