துரியன் பிள்ளை தருமா, மங்குஸ்தான் சூடு தணிக்குமா?

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கிவிட்டால் குற்றாலத்துப் பழக்கடைகள் களைகட்டிவிடும். ஊதா நிற மங்குஸ்தான் குவிந்து கிடக்கும். பக்கத்திலேயே முள் துரியன் தனி மரியாதையோடு இருக்கும். மங்குஸ்தானைக் கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் நாக்குக்காக வாங்குகிறார்கள். துரியனை ஒற்றைப் பழமாகப் பேரம் பேசுகிறவர்களில் பலருக்கு அது பழமே அல்ல, மருந்து. இந்த இரண்டையும் பற்றி சீசன் முழுக்க அருவிக்கரையில் உலவும் பேச்சில் எது நிற்கும், எது நிற்காது?

“துரியன் சாப்பிட்டா பிள்ளை தங்கும்.”

துரியனுக்கு இங்கே இவ்வளவு மவுசு வரக் காரணமே இந்த நம்பிக்கைதான். குற்றாலத்தில் மட்டுமல்ல, நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளிலும் துரியன் பழுக்கும் காலத்தில் குழந்தையில்லாத தம்பதிகள் தேடிப் போகிறார்கள். துரியன் கருத்தரிக்க வைக்கும் என்று மனிதர்களிடம் முறையான ஆய்வு நடத்தி யாரும் நிறுவியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பழம் பிறந்த மலேசிய, இந்தோனேசியப் பக்கத்தில் கர்ப்பிணிகள் துரியனைத் தொடக் கூடாது, உடம்புக்குச் சூடு என்று தடுக்கும் வீடுகள் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் கருவுக்கு ஆகாத பழம், இந்தப் பக்கம் வந்ததும் கருவைத் தருகிற பழமாகிவிட்டது.

சாப்பிட்டால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். பழத்தால் இல்லை, காலத்தால் உண்டு. உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. குறை ஆணிடமும் இருக்கலாம், அதை அறிய எளிய விந்துப் பரிசோதனை போதும். துரியனோ ஆண்டுக்கு ஒருமுறை வருவது. “இந்த சீசன்ல பலிக்கல, அடுத்த சீசன் பார்ப்போம்” என்று சொல்லும்போது ஒரு முழு வருடம் கைநழுவுகிறது. பெரும்பாலும் பழத்தைத் தின்னச் சொல்வது மருமகளைத்தான். மகனைப் பரிசோதனைக்கு அனுப்பும் வீடு குறைவு.

“துரியன் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. அதைத் தின்னா இதைத் தின்னு, சரியாயிரும்.”

துரியன் தின்றதும் உடம்பு கதகதவென்று இருப்பதாகச் சொல்வதைப் பொய் என்று தள்ள வேண்டாம். 100 கிராம் சுளையில் ஏறத்தாழ 150 கலோரி, 5 கிராம் கொழுப்பு, சர்க்கரை வேறு. மங்குஸ்தானில் இதில் பாதி கலோரிதான், நீர்ச்சத்து அதிகம். ஆனால் ஒன்று மற்றதை முறிக்காது. 100 கிராம் துரியனில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். மேலே எத்தனை மங்குஸ்தான் தின்றாலும் அந்தப் பொட்டாசியம் இறங்காது. சர்க்கரை நோயாளிகளும் ஒரு சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அருவிக்குக் குளிக்க வருகிற சில கோஷ்டிகளுக்கு ஒரு தகவல். மதுவோடு துரியன் சேர்ந்தால் உடனே சாவு என்பது மிகை. ஆனால் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மது உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருளை அகற்றும் நொதியின் வேலையைத் துரியன் சாறு 70 சதவீதம் வரை மட்டுப்படுத்தியது. அது ஆய்வுக்கூடத்துச் சோதனைதான் என்றாலும் இரண்டையும் சேர்க்காதிருப்பதே புத்தி.

“மங்குஸ்தான் ஓடு புற்றுநோயைத் தீர்க்கும்.”

ஓட்டில் உள்ள சாந்தோன் வகைப் பொருள்கள் ஆய்வுக்கூடத் தட்டில் புற்று செல்களைக் கொன்றதுண்டு. தட்டில் செல்லைக் கொல்வதும் நோயாளியைக் குணமாக்குவதும் ஒன்றல்ல. மங்குஸ்தான் சாற்றை நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. துவர்ப்பு மிகுந்த ஓட்டைக் காயவைத்து வயிற்றுப்போக்குக்குக் கஷாயம் வைப்பது தென்கிழக்கு ஆசியாவின் பழைய கைமருந்து. சாயமும் எடுப்பார்கள், வெள்ளைச் சட்டையோடு உரித்துப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

துரியன் பலா இனம், மங்குஸ்தான் மா இனம் என்பதும் தவறு. துரியனுக்கு உறவு இலவமரம், வெண்டை, பருத்தி. மங்குஸ்தானுக்கு நம் மலையிலேயே நெருங்கிய சொந்தம் இருக்கிறது: மீன்குழம்புக்குப் போடும் குடம்புளி.

“ஆண் செடி, பெண் செடி ஜோடியா வச்சாத்தான் காய்க்கும்.”

இதைச் சொல்லி மங்குஸ்தான் கன்றுகளை இரண்டிரண்டாக விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மங்குஸ்தானில் ஆண் மரத்துக்கு வேலையே இல்லை. மகரந்தம் சேராமலேயே காய் பிடிக்கும். விதையும் தாயின் நகல். அதனால் விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே வரும். ஒரு மரம் போதும், பொறுமைதான் வேண்டும்: காய்க்க ஏழு, எட்டு வருடமாவது ஆகும், பத்தையும் தாண்டலாம். விதை காய்ந்தால் செத்துவிடும் என்பதால் தின்ற கையோடு ஊன்ற வேண்டும்.

துரியன் கதை வேறு. பூ ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும், ஆனாலும் பல ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது. பூ விரிவது மாலையில். அதன் தாயகத்தில் இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் மகரந்தத்தைக் கடத்துகின்றன. விதைக்கன்று தாயைப் போல வருமென்று உத்தரவாதமில்லை. நல்ல ரகம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று, அதிலும் இரண்டு ரகம்.

“குற்றாலத்துல வாங்கின கன்று, எங்க வச்சாலும் வரும்.”

கிழக்கிந்தியக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை இங்கே வைத்துப் பார்த்தது சும்மா இல்லை. மலையடிவாரத்தின் இந்தக் குறுகிய பட்டைக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் கிடைக்கின்றன. அதே கணவாய்க் காற்று சுரண்டை, ஆலங்குளம் போய்ச் சேரும்போது ஈரத்தை இறக்கிவிட்டு, காற்றாலை சுற்றுவதற்குத்தான் உதவுகிறது. வறண்ட காற்றில் மங்குஸ்தானின் இளம் இலை கருகும். அதன் வேர் மெதுவாகப் போவது. முதல் சில வருடம் நிழல் இல்லாமல் பிழைக்காது. சங்கரன்கோவில் கரிசலில் இரண்டையுமே நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் ஒரே குழியளவு, ஒரே பாத்தி என்று நினைத்துவிடக் கூடாது. ஓடைக்கரை ஈரத்தை மங்குஸ்தான் தாங்கும். துரியனின் காலடியில் நீர் தேங்கினால் வேரழுகல் வந்து, வளர்ந்த மரமே பட்டுப்போகும். அதற்குச் சரிவான, வடிகால் உள்ள நிலம் வேண்டும். ஓயாத மழையும் உதவாது. பூப்பதற்கு முன் சில வாரம் நிலம் காய்வது இரண்டுக்குமே தேவை.

கடைசியாக, கடையில் இருப்பதெல்லாம் குற்றால மலைப்பழம் என்ற நம்பிக்கை. ஒரு பகுதி அப்படித்தான். கேரளத்திலிருந்து லாரியில் வருவதும் கலந்தே இருக்கும். அதனால் பழம் மோசமாகிவிடாது, விலை பேசும்போது நினைவிருந்தால் போதும். மங்குஸ்தான் வாங்கும்போது ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாக அமுங்க வேண்டும், கல்லாக இருந்தால் நாள்பட்டது. அடியில் உள்ள பூப்போன்ற குறியில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடுதலாக உள்ள பழத்தில் சுளை சிறுத்து, பெரிய விதை வாயில் சிக்காது. சுளையில் மஞ்சள் பிசின் தெரிந்தால் அது கசக்கும், அந்தச் சுளையை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடலாம்.